டெமோவில் செத்த பெரியவர்

இதுவரை இரண்டு சிறுகதைத் தொகுதிகள் வெளியிட்டிருக்கிறேன். இரண்டுக்கும் விழா நடந்தது. மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, மதிப்பீட்டுரை, ஏற்புரை என்று ஒன்றும் குறையவில்லை. சிறப்புப் பிரதி வாங்கியவர்கள் புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு அந்தக் கதைகளைப் பற்றி ஒருவரும் என்னோடு வாய் திறந்ததில்லை.

என் எழுத்தில் ஊர் விரும்பி வாசித்தது கல்வெட்டுகளைத்தான். எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்றால், ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்காரர் அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். தேவாரம், படம், வம்சாவளி, புலம்பல் பாட்டு, நன்றி நவிலல் எல்லாம் அதில் இருக்கும். நான் யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்துக்குப் பக்கத்தில் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியை. சுற்றுவட்டாரத்தில் யார் கண்ணை மூடினாலும் ஒரு கிழமைக்குள் என் வீட்டுப் படலை திறக்கும்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலை, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் நான் எழுதிய கல்வெட்டு ஒன்றைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி வந்து நின்றார். நான் முகத்தை அதற்கேற்ப வைத்துக்கொண்டு கேட்டேன்.

“ஆர் தம்பி மோசம் போனது?”

“ஒருத்தரும் இல்லை ரீச்சர். நாங்கள் ஒரு கேம் செய்யிறம். அதிலைதான் ஒராள் சாகோணும்.”

இணுவிலில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் அந்தத் தம்பிக்கு ஒரு அறை இருந்தது. வெளிநாட்டுக் கொம்பனிகளுக்குக் கணினி வேலை செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு சொந்தமாக ஒரு வீடியோ கேம் செய்யத் தொடங்கியிருந்தார். கூட வேலை செய்தது ஒரேயொரு பெண், கரவெட்டியிலிருந்து பஸ்ஸில் வருபவள். கேமில் வரும் வீடு, வேலி, மாடு, மனிதர் எல்லாவற்றையும் அவள்தான் வரைந்தாள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுத் திரும்பவும் வரைவதற்குக் குனிந்துவிடுவாள்.

அவர்கள் செய்தது பாத்திரமேற்று விளையாடும் வகை. விளையாடுகிறவர் ஒரு ஆளாக மாறி ஒரு உலகத்துக்குள் போகவேண்டும். அங்கே இருப்பவர்களோடு கதைக்கவேண்டும், அவர்கள் சொல்லும் வேலைகளைச் செய்யவேண்டும், செய்யச் செய்ய அந்த ஆளின் பலம் கூடும். கடைசியில் ஒரு பெரிய எதிரியை வெல்லவேண்டும். இதை வீட்டில் என் கணவருக்கு விளங்கப்படுத்தினேன்.

“சனம் சொல்லுற வேலையைச் செய்துகொண்டு திரியிறதுக்கு ஏன் கம்பியூட்டர்?” என்றார் அவர். “நான் காலமை தொடக்கம் உதைத்தானே செய்யிறன்.”

கதை இதுதான். ஒரு ஊரில் கிணறுகள் எல்லாம் ஒரே நாளில் உவராகிப் போகின்றன. ஊரின் ஆழங்காணாத கிணற்றுக்குக் கீழே சுண்ணக்கல் குகைகளில் ஒரு பூதம் இருந்து நல்ல தண்ணீரை உறிஞ்சுகிறது. விளையாடுகிறவர் கிணற்றுக்குள் இறங்கி, குகை குகையாகப் போய் அந்தப் பூதத்தோடு சண்டை பிடிக்கவேண்டும். தம்பியின் உயிர் முழுவதும் அந்தக் குகைகளில்தான் இருந்தது. ஆறு கைப் பூதத்தோடு நடக்கும் சண்டைக்கு மட்டும் அவர் செலவழித்த உழைப்பில் ஒரு வீடு கட்டியிருக்கலாம்.

ஊருக்குள் நடக்கும் பேச்சை எழுதத்தான் என்னைக் கூப்பிட்டார். அதுவரை அவரே எழுதி வைத்திருந்தார். படலைக்குப் போனால் உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்து, “வணக்கம் வீரரே, எமது கிராமத்தைக் காத்தருள்வீராக” என்றாள். செய்தி வாசிக்கிறவர்கள்கூட வீட்டில் அப்படிக் கதைக்கமாட்டார்கள். அதையெல்லாம் அழித்துவிட்டு, “ஆரது படலையிலை? ஆற்றை மகன் நீர்?” என்று எழுதினேன். யாருடைய பிள்ளை என்ற அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒருவரும் ஊருக்குள் நுழைய முடியாது என்றும் செய்தோம்.

இன்னொன்றிலும் பிடிவாதமாக நின்றேன். தம்பியின் கேமில் யாரும் யாருடைய வீட்டுக்குள்ளும் கேட்டுக் கேள்வியில்லாமல் நுழையலாம், பானையை உடைத்து உள்ளே இருப்பதை எடுக்கலாம்.

“உலகத்திலை எல்லாக் கேமிலையும் உப்பிடித்தான் ரீச்சர்.”

“எங்கடை பக்கத்திலை அதைக் களவெண்டு சொல்லுறது தம்பி.”

ஆகவே படலையில் நின்று கூப்பிட்டால்தான் உள்ளே போகலாம் என்றானது. விளையாடுகிறவர் எடுக்கக்கூடிய பாத்திரங்களையும் மாற்றினோம். வாள்வீரன், மந்திரவாதி, திருடன் என்று இருந்ததைக் கதைகாரர், வேலைகாரர், வெளிநாட்டுக்காரர் என்று ஆக்கினோம். மூன்றையும் ஆணாகவும் பெண்ணாகவும் எடுக்கலாம். கதைகாரர் வாயால் காரியம் பார்ப்பார். வேலைகாரர் கையால் பார்ப்பார். வெளிநாட்டுக்காரர் ஒரு பெரிய பெட்டியோடு வந்து இறங்குவார், ஊர் அவரை நன்றாக மதிக்கும், ஆனால் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் மயங்கி விழுந்துவிடுவார்.

இந்த மதிப்புத்தான் கேமில் முக்கியம். நல்லது செய்தால் மதிப்பு ஏறும். மதிப்பு மிகவும் ஏறிவிட்டால் எதிரிகள் சண்டைக்கு வராமல் வழிவிடுவார்கள். ஒருவருக்கும் அது அவ்வளவு ஏறாது என்று நினைத்துத்தான் தம்பி அந்த விதியை வைத்தார்.

வேலை பாதிக்கு மேல் முடிந்தபோது டெமோப் பேச்சு வந்தது. கேம் விற்பனைக்கு வருமுன் அதன் முதல் பகுதியைச் சும்மா விளையாடக் கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. ஒரு பின்னேரம் பிளேன்ரீயும் வடையும் வாங்கி வைத்துக்கொண்டு மூன்று பேரும் சண்டை பிடித்தோம்.

“குடுக்கவே கூடாது,” என்றார் தம்பி. “சண்டைக் கேமெண்டா ஒரு சண்டையைக் காட்டலாம். கார் ஓட்டுற கேமெண்டா ஒரு றோட்டைக் காட்டலாம். இது நாள்கணக்கிலை விளையாடுற சாமான். எங்கடை கேம் கிணத்துக்குக் கீழைதான் துடங்குது. முதல் மணித்தியாலம் வெறும் ஊர். அதைக் காட்டினா, இதுதான் கேமெண்டு சனம் நினைச்சிடும்.”

கரவெட்டிப் பிள்ளை வரைவதை நிறுத்தாமலே சொன்னாள். “சுன்னாகச் சந்தையிலை கத்தரிக்காயையும் அமத்திப் பாத்துத்தான் வாங்குதுகள். நாங்கள் ஆரெண்டே தெரியாமல் எங்கடை கேமை ஏன் வாங்கோணும்?”

“அமத்திப் பாத்திட்டு வைச்சிட்டுப் போறதும் அதே சனந்தான்.”

“வைச்சிட்டுப் போனா கத்தரிக்காயிலை பிழை.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் புத்தகங்களைப் பற்றிச் சொன்னேன். விழாவுக்கு முன் முதற்கதையை மட்டும் வாசிக்கக் கொடுத்திருந்தால் மண்டபத்தில் பாதிக் கதிரை காலியாக இருந்திருக்கும்.

“அப்ப டெமோ வேண்டாம் எண்டுறியள்,” என்றார் தம்பி, சந்தோசமாக.

“வேணும் எண்டுறன். வராமல் விட்டவையின்ரை பின்னேரமெண்டாலும் மிஞ்சியிருக்கும்.”

தம்பி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு இறங்கி வந்தார். டெமோவில் சேர்த்த மதிப்பை முழுக் கேமுக்கும் கொண்டுபோகலாம் என்று ஒரு சலுகையும் தானாகவே சேர்த்தார். பெரிய நாடுகளில் அப்படிச் செய்கிறார்களாம். விளையாடியவர்கள் வாங்காமல் விட மனம் வராதாம்.

எங்கே வெட்டுவது என்பதில் மட்டும் மூன்று பேருக்கும் ஒரே எண்ணம். கதை தொடங்கும் அன்று ஊரில் ஒரு பெரியவர் இறந்திருப்பார். விளையாடுகிறவர் அந்தச் செத்தவீட்டுக்குப் போய்ப் பந்தல் போட உதவவேண்டும், உறவுக்காரருக்குச் சொல்லவேண்டும், கோப்பி கொடுக்கவேண்டும், கொஞ்ச நேரம் கதிரையில் இருக்கவேண்டும். கடைசியில் பிரேதத்தைக் குளிப்பாட்டக் கிணற்றில் தண்ணீர் அள்ளுவார்கள். மருமகள் ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்புவாள். “மாமி, தண்ணி உவர்!” என்பாள். திரை இருண்டுவிடும். முழு விளையாட்டு விரைவில் என்று எழுத்து வரும். நான் எழுதியதிலேயே நல்ல முடிவு அதுதான் என்று இரவுச் சாப்பாட்டின்போது கணவருக்கு இரண்டு தரம் சொன்னேன்.

டெமோவை இணையத்தில் போட்டால் போதும் என்றார் தம்பி. ஊர்ச் சனசமூக நிலையத்தார் விடவில்லை. எங்கள் மண்ணில் ஒன்று வெளிவருகிறதென்றால் விளக்குக் கொளுத்தாமல் வெளிவர முடியாது. ஆகவே டெமோவுக்கு வெளியீட்டு விழா வைத்தோம். பிரதம விருந்தினர் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர். கணினி விளையாட்டுகளால் மாணவர் சமுதாயம் எப்படிச் சீரழிகிறது என்று அவர் அரை மணித்தியாலம் பேசினார். பிறகு கைதட்டலுக்கிடையே லப்டொப்புக்கு முன்னால் வந்து இருந்தார். எந்தப் பொத்தானை அமத்துவது என்று சொல்லக் கரவெட்டிப் பிள்ளை பக்கத்தில் நின்றாள். பின்னால் பெரிய வெள்ளைச் சீலையில் ஊர் தெரிந்தது.

இரண்டு நிமிடம் சம்பிரதாயத்துக்கு விளையாடுவார், அதன் பிறகு நன்றியுரை என்றுதான் நிகழ்ச்சி நிரல். அதிபர் வெளிநாட்டுக்காரரைத் தெரிவு செய்தார். படலையில் நின்று கூப்பிட்டார். ஆற்றை மகன் என்று கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னார். செத்தவீட்டுக்குப் போகத் திரும்பியபோது, முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா பொறுக்கமாட்டாமல் சத்தம் போட்டார்.

“சேர், அந்தக் காற்சட்டையோடை செத்தவீட்டுக்குப் போறதே? பெட்டிக்குள்ளை வேட்டி இருக்கோ பாருங்கோ!”

இருந்தது. அதிபர் வேட்டி மாற்றிக்கொண்டு போனார். பந்தலுக்குக் கம்பு தூக்கினார். கோப்பி கொடுத்தார். நன்றியுரைகாரர் தாளோடு மேடை ஓரத்தில் நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. சிலர் செருப்பைக் கழற்றியிருந்ததைக் கண்டேன். மருமகள் தண்ணீரைத் துப்பினாள். திரை இருண்டது.

கைதட்டலுக்காக நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். அதிபர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார்.

“அப்ப பிரேதத்தை எத்தினை மணிக்கு எடுக்கினம்?”

“அது முழுக் கேமிலை சேர்,” என்றார் தம்பி.

“முழுக் கேம் எப்ப?”

“அடுத்த வருசம் சேர்.”

மண்டபம் சலசலத்தது. “அடுத்த வருசம் மட்டும் வீட்டுக்கை வைச்சிருக்கப் போறியளோ?” என்று அந்த அம்மா கேட்டார். விழா இனிதே நிறைவுபெறுகிறது என்று நன்றியுரைகாரர் வாசித்தது ஒருவர் காதிலும் விழவில்லை.

அடுத்த மாதங்களில் எங்கள் டெமோ நாங்கள் கனவு கண்டதைவிட நன்றாக ஓடியது. போனிலும் விளையாடலாம் என்பதால் ஊரெல்லாம் பரவியது. பிறகு கடல் கடந்தது. இங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரராக விளையாடினார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வேலைகாரராக விளையாடி வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறினார்கள். கேமில் வரும் ஊர் தங்களுடையதுதான் என்று இணுவில்காரர் சொன்னார்கள். வடமராட்சிக்காரர் வேலியைக் காட்டி அது கரவெட்டி என்றார்கள். இதில் பெரிய சண்டையே நடந்தது, எங்களை ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் எல்லாரும் கடைசியில் வந்து நின்றது ஒரே இடத்தில்தான். சந்தையில் வெங்காயம் விற்கும் ஒரு அக்கா, கேம் என்றால் என்னவென்றே தெரியாதவர், தராசில் நிறுத்தபடியே கேட்டார்.

“உங்கடை ஐயாவை இன்னும் எடுக்கேல்லையாமே ரீச்சர்?”

“எங்கடை ஐயா இல்லையக்கா, அது கேமிலை.”

“எதிலையெண்டா என்ன. இவ்வளவு நாளா வைச்சிருக்கிறது சரியோ?”

ஆசிரியர் அறையில் கேட்டார்கள். உண்மையான ஒரு செத்தவீட்டுக்குப் போனேன். அங்கே இறந்தவரைப் பற்றிக் கதைத்ததைவிடக் கேமில் இறந்தவரைப் பற்றித்தான் கூடக் கதைத்தார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளின் வருகைக்காக வைத்திருக்கிறார்களாக்கும் என்று ஒருவர் எனக்காக நியாயம் சொன்னார். அதை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

கேமில் ஒரு கோயிலும் இருந்தது. உள்ளே இன்னும் செய்து முடியாததால் தம்பி டெமோவில் கதவைப் பூட்டி வைத்திருந்தார். விளையாடியவர்கள் அதற்கு வேறு காரணம் கண்டார்கள். ஊருக்குள் பிரேதம் கிடந்தால் கோயில் எப்படித் திறக்கும்? நிசமான கோயில்களில் கொடியேறும் காலம் நெருங்கியபோது சனசமூக நிலையத்திலிருந்து இருவர் மாடியேறி வந்தார்கள்.

“தம்பி, நாங்கள் உங்கடை வேலையிலை தலையிடேல்லை. ஆனா திருவிழாவுக்கு முதல் எடுத்திட்டா எல்லாருக்கும் நல்லது.”

“அண்ணை, அது படம். கீறின படம்.”

“விளங்குது. அதுதான் சொல்லுறம், கீறி எடுத்துவிடுங்கோ.”

இதற்கிடையில் தம்பி ஒரு பிழையையும் கண்டுபிடித்தார். செத்தவீட்டுக்குப் போய்க் கதிரையில் இருந்தால் மதிப்பு ஏறும் என்று வைத்திருந்தோம். வெளியே வந்து திரும்பவும் போனால் திரும்பவும் ஏறியது. எத்தனை முறை போனாலும் ஏறியது. மூன்று பேரும் பலமுறை விளையாடிப் பார்த்தும் எங்களுக்கு அது பிழையாகத் தெரியவேயில்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? உலகமெங்கும் சனம் அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போய்வந்து, போய்வந்து, மதிப்பைக் குவித்துக்கொண்டிருந்தது. கொண்டுபோகலாம் என்று அறிவித்துவிட்டதால் திரும்பப் பறிக்கவும் முடியவில்லை.

பிரேதத்தை எடுப்பதென்று தம்பி தீர்மானித்த அன்றுதான் இணையத்தில் வந்த ஒரு குறிப்பைக் கரவெட்டிப் பிள்ளை வாசித்துக் காட்டினாள். பனி பெய்யும் ஏதோ ஒரு ஊரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். வேலைக்குப் போகுமுன் ஒவ்வொரு நாளும் அந்த வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருக்கிறாராம். அவருடைய தகப்பனார் இறந்தபோது வர முடியாமல் போய்விட்டதாம். விசா இல்லாத காலம். போனில்தான் பார்த்தாராம், அதுவும் இடையில் அறுந்துபோனதாம். தயவுசெய்து அவசரப்பட்டு எடுக்காதீர்கள் என்று முடித்திருந்தார்.

நான் அந்தக் காட்சியைத் தண்ணீருக்காக எழுதியவள். மருமகள் துப்புவதற்கு ஒரு வாளி வேண்டும், வாளிக்கு ஒரு கிணறு வேண்டும், கிணற்றடிக்குப் போக ஒரு காரணம் வேண்டும், அதற்காக ஒரு மனிதரைச் சாகடித்திருந்தேன். அவர் பக்கத்தில் யாராவது வந்து இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

“என்ன செய்வம் ரீச்சர்?” என்றார் தம்பி. அவருடைய குரலில் முதல் தடவையாக வியாபாரம் இல்லை.

பிள்ளைதான் வழி சொன்னாள். பிரேதம் எடுக்கும் புதிய பகுதியை வேண்டியவர்கள் மட்டும் சேர்த்துக்கொள்ளட்டும், வேண்டாதவர்களின் கேமில் பெரியவர் அப்படியே இருக்கட்டும். பனி ஊர்க்காரருக்குப் பதிலும் அவளே எழுதினாள். நன்றி என்று ஒரு சொல் திரும்பி வந்தது.

ஆக, எடுத்தோம். ஊர் வழக்கப்படி பெண்கள் படலையோடு நின்றுவிடுவார்கள் என்று நான் எழுதிக் கொடுத்தேன். கரவெட்டிப் பிள்ளை கேட்கவில்லை.

“கிணத்துக்குள்ளை பூதத்தோடை சண்டை பிடிக்கப் போறவள் சுடலைக்குப் போகக்கூடாதோ?”

எழுதியதை அழித்தேன். பெண்ணாக விளையாடுகிறவர்களும் போகலாம் என்று வைத்தோம். கண்டனம் வரும் என்று பயந்துகொண்டிருந்தோம். ஒன்றிரண்டு வந்தது. ஆனால் போன பெண்களில் அனேகர் காரியம் முடிந்த பிறகும் சுடலையை விட்டு வெளியே வராமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று தம்பி சொன்னார். அவருக்குக் காரணம் விளங்கவில்லை. நானும் அன்று மத்தியானம் போனில் இறக்கி, போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்து நடந்ததைத்தான் தம்பி இன்றைக்கும் தாங்கமாட்டார். பிரேதத்தை எடுத்ததும் சனத்துக்கு நிம்மதி வந்துவிட்டது. காரியம் ஒப்பேறிவிட்டதென்று டெமோவை அழித்துவிட்டார்கள். கிணறுகள் உவராகிப் போனதையும், கீழே ஒரு பூதம் இருப்பதையும் யாரும் பொருட்படுத்தவில்லை. இன்னும் வைத்திருந்தவர்கள் எட்டாம் நாள் எட்டுச் செலவு எப்போது என்று கேட்டார்கள், பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, பிறகு கல்வெட்டு. தம்பி தலையில் கை வைத்தார். நான் கல்வெட்டை மட்டும் எழுதிக் கொடுத்தேன். வாழ்ந்தே இராத ஒரு மனிதருக்கு வம்சாவளி முதல் புலம்பல் வரை எழுதியது எனக்கு வேலையில் கிடைத்த பெரிய சுதந்திரம். ஒரு மருமகனும் வந்து தன் பட்டத்தைச் சேர்க்கச் சொல்லவில்லை. வெளிவந்த கிழமையே ஒருவர் போன் எடுத்து, அந்த வம்சாவளியின் இரண்டாம் கிளை தங்கள் பகுதி ஆட்கள்தான் என்றும், ஒரு சித்தப்பாவின் பெயர் விடுபட்டிருப்பதாகவும் குறைப்பட்டார்.

முழுக் கேம் அடுத்த வருடம் வந்தது. இம்முறை விழா வைக்கவில்லை. வாங்கியவர்கள் வாங்கினார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலானோர் ஒரே முறைப்பாட்டைச் செய்தார்கள். ஊர் எங்கே, எங்களை ஏன் கிணற்றுக்குள் இறக்குகிறீர்கள் என்று கேட்டார்கள். டெமோவில் இருந்தது கேம் இல்லை என்று தம்பி முதல் நாளே சொன்னது இதைத்தான். டெமோவில் இருந்தது கேமிலும் இல்லை என்பதுதான் பிள்ளையின் மறுமொழி.

ஓய்வுபெற்ற அதிபர் கேமை வாங்கியதோடு நிற்காமல், பூதத்தைச் சந்திக்கும் கட்டத்துக்கு வந்ததும் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டார். தம்பி புதுச் சேட் போட்டுக்கொண்டு வந்தார். அவருடைய சண்டையை ஒரு ஆள் விளையாடுவதை அவர் இன்னும் நேரில் பார்க்கவில்லை. மூன்று பேரும் அதிபரின் கதிரைக்குப் பின்னால் நின்றோம்.

குகையின் அடியில் தண்ணீர் கலங்கியது. ஆறு கைகளோடு பூதம் எழுந்தது. கரவெட்டிப் பிள்ளை அதன் செதில்களை ஒவ்வொன்றாக வரைந்திருந்தாள். அதிபரின் மதிப்போ, செத்தவீட்டுக்குப் போய்வந்தே மலையளவு ஏறியிருந்தது. பூதம் அவரைப் பார்த்தது. தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டியது. ஆறு கைகளையும் கூப்பியது.

“ஐயா சொன்னா மறுக்கேலுமே,” என்றது. தண்ணீரைத் திறந்துவிட்டது. கேம் முடிந்தது.

அந்த வசனம் நான் எழுதியதுதான். யாரும் காணமாட்டார்கள் என்று தம்பி சொன்னபோது, இருக்கட்டும் என்று எழுதி வைத்திருந்தேன்.

“சேர்… சண்டை பிடிக்கேல்லையோ?” என்று கேட்டார் தம்பி.

“என்னத்துக்குச் சண்டை? கதைச்சா விளங்கிக்கொள்ளுற ஆள்,” என்றார் அதிபர். “நல்ல பிள்ளையாத்தான் செய்திருக்கிறியள்.”

திரும்பி வரும்போது தம்பி மோட்டார் சைக்கிளை ஓட்டாமல் உருட்டிக்கொண்டு நடந்தார். நானும் பிள்ளையும் கூட நடந்தோம். ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் வேண்டும் என்று எனக்குப் பட்டது, ஆனால் சிரிப்பை அடக்குவதிலேயே என் முழுப் பலமும் போய்க்கொண்டிருந்தது. முதலில் சிரித்தது பிள்ளை. பிறகு நான். தம்பி கொஞ்சத் தூரம் எங்களை முறைத்துக்கொண்டு வந்துவிட்டு, மோட்டார் சைக்கிளை மதிலோரம் நிறுத்திவிட்டு தானும் சிரித்தார்.

டெமோ கொடுத்ததால் கேம் கூட விற்றதா குறைய விற்றதா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. டெமோவைப் பார்த்துவிட்டு ஒரு வெளிநாட்டுக் கொம்பனி கரவெட்டிப் பிள்ளைக்கு வேலை கொடுத்தது. அவள் வீட்டிலிருந்தே அதைச் செய்கிறாள், கிழமையில் இரண்டு நாள் இணுவிலுக்கும் வருகிறாள். எனக்கும் ஒரு நன்மை உண்டு. இப்போது என்னைக் காண்கிறவர்கள் நான் எழுதியதைப் பற்றிக் கதைக்கிறார்கள். பெரியவரின் மருமகளுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்கிறார்கள். என் சிறுகதைகளில் ஒரு பாத்திரத்தையும் யாரும் இப்படித் திட்டியதில்லை.

என்னைக் கேட்டால் டெமோ கொடுக்கத்தான் வேண்டும். சனத்துக்கு முன்கூட்டியே பார்க்கும் உரிமை உண்டு என்று பிள்ளை சொல்வதும் சரிதான். ஆனால் என் காரணம் வேறு. நாங்கள் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று எங்களுக்குத் தெரிந்ததே சனம் வந்து அந்த வீட்டில் இருந்த பிறகுதான். கேமைச் செய்தவர் பூதத்தைச் செய்ததாக நினைத்தார். எழுதியவள் தண்ணீரை எழுதியதாக நினைத்தாள்.

தம்பி இரண்டாவது கேமைத் தொடங்கிவிட்டார். இதில் ஒருவரும் சாகக்கூடாது என்பது அவர் முதலில் போட்ட சட்டம். ஒரு கலியாணவீட்டில் தொடங்குகிறது. போன கிழமை மேல்மாடியில் கூடினோம். டெமோ கொடுப்பதில்லை என்று ஆரம்பித்தவர், வடை முடிவதற்குள் கொடுக்கலாம் என்ற இடத்துக்கு வந்துவிட்டார்.

“தாலி கட்ட முதல் வெட்டுவமோ, கட்டினாப் பிறகோ?” என்று கேட்டார்.

“கட்ட முதல் வெட்டினா பொம்பிளை ஒரு வருசம் மணவறையிலை இருக்கோணும்,” என்றாள் பிள்ளை.

“சாப்பாடு முடிஞ்சாப் பிறகு வெட்டுங்கோ,” என்றேன் நான். “பந்தியிலை இருந்த சனத்தை எழுப்பினா உங்களைச் சும்மா விடமாட்டினம்.”

அப்படியென்றால் டெமோ எவ்வளவு நீளும் என்று தம்பி கணக்குப் பார்க்கத் தொடங்கினார். பிள்ளை வாழையிலை வரையத் தொடங்கியிருந்தாள்.